முடிப்பு மணிக்குப் பிறகு

ஆட்ட நாட்களில், குளிரூட்டிய மைதானமான குளிர்மாடத்தின் கதவு காலை நான்கரைக்குத் திறக்கும். அதற்கு முன்பே பிளாஸ்க்கும் விசிறியுமாக ஊர் வரிசையில் நிற்கும். ஐந்து மணிக்கு முதல் பந்து. ஆறே முக்காலுக்குள் முடிப்பு மணி அடித்துவிடும். ஏழரைக்கெல்லாம் பார்வையாளர்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். எட்டு மணிக்கு வெயில் முழுதாக ஏறும்போது தெருவில் ஒரு நாய்கூட இருக்காது. தூத்துக்குடியில் நாங்கள் தளப்பந்து ஆடியது அப்படித்தான். தளப்பந்து என்பது ஆட்டங்களை நடத்திய கழகத்தின் கடிதங்களில் மட்டும் இருந்த பெயர். ஊரில் எல்லாரும் பேஸ்பால் என்றே சொன்னார்கள்.

கிரிக்கெட்டுக்கு முழுப்பகல் வேண்டும். பகலில் வெளியே வரக்கூடாது என்ற வெப்ப ஆணைக்குப் பிறகு முழுப்பகல் யாரிடமும் இருக்கவில்லை. கப்பல் கட்டும் தளத்துக்கு வேலைக்கு வந்த கொரியர்கள் விடியற்காலையில் ஒரு ஆட்டம் ஆடினார்கள். அதை எங்கள் அப்பாக்கள் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அணிக்கு ஒன்பது பேர், மொத்தம் ஒன்பது சுற்று. மைதானத்தில் நான்கு தளங்கள். நான்கையும் தொட்டுத் திரும்பினால் ஓர் ஓட்டம். எறிவாளர் எறிவார், அடிப்பவர் அடிப்பார். அடிப்பவருக்குப் பின்னால் முகமூடியோடு குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர் பிடிப்பாளர். தூத்துக்குடி அணியில் அது நான், அமலி ரோச். ஆறு மாதம் கழகம் சம்பளம் தரும். மீதி ஆறு மாதம் கடல்நீர் ஆலையில் வடிகட்டி கழுவுவேன்.

ஒன்பது சுற்று என்றேன். அது விதிப்புத்தகத்தில் மட்டும்தான். நடைமுறையில் ஆட்டத்தை முடித்தது கணிப்பான் என்ற கணினி. ஒவ்வொரு ஆட்டக்காரரின் தோள்பட்டையும் தூக்கமும் நாடித்துடிப்பும் அதற்குத் தெரியும். ஒவ்வொரு பந்துக்குப் பிறகும், முன்னிலையில் இருக்கும் அணி வெல்லும் வாய்ப்பை நூற்றுக்கு எத்தனை என்று பலகையில் காட்டும். எண் தொண்ணூற்றெட்டைத் தொட்டால் மணி அடிக்கும், குளிர்காற்று நிற்கும். தெரிந்துபோன முடிவுக்காக ஊரின் மின்சாரத்தை ஏன் வீணாக்க வேண்டும்? அதன்பின் தோற்கும் அணியின் பிடிப்பாளர் முகமூடியைக் கழற்றி, அடிப்பவர் நிற்கும் வீட்டுத் தட்டின் மேல் வைப்பார். ஒப்புக்கொண்டோம் என்று அர்த்தம். இரு அணிகளும் தலைவணங்கிக் கலையும்.

அந்தக் காலத்தில் முடிப்பு எங்களுக்கு விசித்திரமாகத் தெரியவில்லை. எல்லாமே அப்படித்தான் இருந்தது. நுழைவுத் தேர்வில் இருபதாவது கேள்வியோடு திரை அணைந்துவிடும். அதற்குள் உன்னைக் கணித்திருப்பார்கள். வழக்குகளில் இரண்டாவது சாட்சி தேவைப்படுவதில்லை. எங்கள் எறிவாளர் இசக்கியப்பன் அண்ணன் பெண் பார்க்கப் போன கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"கேசரி வந்துச்சு, காப்பி வரல. அதுக்குள்ள தரகர் போன்ல மணி அடிச்சுட்டு. ஒத்துவராதுன்னு தொண்ணூத்தெட்டாம். அந்தப் பிள்ள மொகத்தக்கூட நான் சரியா பாக்கல."

"கேசரிய முடிச்சீங்களா?" என்று யாராவது கேட்பார்கள்.

"அத மட்டும் முடிச்சேன்."

நான் சொல்ல வந்த பருவம் கழகத்தின் பதினோராவது பருவம். அது தொடங்குவதற்கு முன்பே அறிவிப்பு வந்திருந்தது: மின்சார ஒதுக்கீடு குறைவதால் அடுத்த ஆண்டிலிருந்து எட்டு அணிகள் ஏழாகும். பட்டியலில் கடைசியில் நிற்கும் அணி கலைக்கப்படும். முதல் எட்டு ஆட்டங்களில் ஏழில் எங்களுக்கு மணி அடித்தது. நாங்கள்தான் கடைசி. கலைந்தால் எங்களில் இரண்டு மூன்று பேரை வேறு ஊர்கள் எடுத்துக்கொள்ளும். நாற்பத்தொரு வயது இசக்கியப்பன் அண்ணனை யாரும் எடுக்கமாட்டார்கள். எனக்குப் பன்னிரண்டு மாதமும் வடிகட்டி.

இன்றைக்கு நுழைவுத் தேர்வில் கடைசிக் கேள்வி வரை எழுத விடுங்கள் என்று பிள்ளைகள் மனுப்போடுகிறார்கள். அதில் சிலர் எங்கள் அணியின் பெயரைக் குறிப்பிடுகிறார்கள். அது ஏதோ துணிச்சலில் தொடங்கியது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு கொக்கி.

ஒன்பதாவது ஆட்டம் ஓசூருடன். ஆறாம் சுற்றின் முதல் பாதி, அதாவது அவர்கள் அடிக்கும் பாதி, முடிந்தபோது அவர்கள் ஏழு ஓட்டம், நாங்கள் ஒன்று. பலகையில் 98. மணி அடித்தது, காற்று நின்றது, கூட்டம் பாயைச் சுருட்டத் தொடங்கியது. நான் வீட்டுத் தட்டின் அருகே போய் முகமூடியின் பின்பக்கக் கொக்கியை அழுத்தினேன். அது அசையவில்லை. குளிர்மாடம் ஆட்ட நாளுக்கு மட்டும்தான் என்பதால் நாங்கள் பயிற்சி எடுத்தது உப்பளத்தை ஒட்டிய திறந்த பொட்டலில். அங்கே இரும்பு எதுவும் இரண்டு பருவம் தாங்காது.

"ஏளா அமலி, என்ன நிக்கே? வச்சிட்டு வா," என்று பயிற்சியாளர் பேச்சிராஜ் அண்ணாச்சி கத்தினார்.

"வரமாட்டேங்கு அண்ணாச்சி. துருப்பிடிச்சிருக்கு."

"யாராச்சும் தேங்காண்ண கொண்டாங்கல!"

கேன்டீனிலிருந்து எண்ணெய் வந்தது. அண்ணாச்சி என் பின்மண்டையில் அதை ஊற்றித் தேய்த்தார். கூட்டம் சிரித்தது. "அப்படியே சீயக்காயும் போட்டு விடுங்க அண்ணாச்சி!" என்று ஒரு பெண் கூவினாள். நடுவர் சேலத்துக்காரர், சிரிக்காதவர். கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றவர், சரியாக இரண்டு நிமிடம் ஆனதும் கையை உயர்த்தினார்.

"இரண்டு நிமிடமாகியும் தட்டில் முகமூடி இல்லை. விதி பதினான்கின்படி ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. அடிப்பவரை அனுப்புங்கள்."

"சார், கொக்கிதான் சார் மாட்டிக்கிட்டு..."

"அனுப்புங்கள்."

ஓசூரின் எறிவாளர் அதற்குள் தோளைப் பனிக்கட்டிப் பைக்குள் வைத்துவிட்டிருந்தான். ஏழாம் எட்டாம் சுற்றுகளுக்கென்று இன்னொருவரை எந்த அணியும் வைத்திருக்கவில்லை, தேவைப்பட்டதே இல்லை. அவன் விறைத்த தோளோடு திரும்பி வந்தான். பந்துகள் தட்டுக்கு மேலேயும் கீழேயும் போயின. நான்கு பந்து தவறினால் அடிப்பவர் முதல் தளத்துக்குச் சும்மா நடந்து போகலாம். எங்களில் மூன்று பேர் அப்படி நடந்தார்கள். என் முறை வந்தபோது நான் முகமூடியோடே மட்டையைப் பிடித்தேன். "வெல்டிங் பட்டறைக்கு வந்திருக்கா பாரு!" என்று யாரோ கத்த, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் பந்தை வலது மூலைக்கு அடித்திருந்தேன். இரண்டு ஓட்டம்.

பாயைச் சுருட்டியவர்கள் மறுபடி விரித்தார்கள்.

குளிர்காற்று இல்லாமல் மாடம் சூடேறியது. எங்களுக்கு அது பொட்டலில் தினமும் குடிக்கிற காற்று. ஓசூர்க்காரர்கள் தங்கள் ஊர்க் குளிர்மாடத்திலேயே பழகி வளர்ந்தவர்கள். அவர்களுடைய அடிப்பவர்கள் முழு பலத்தோடு வீச, இசக்கியப்பன் அண்ணன் தன் மெதுபந்தை எறிந்தார். அது பந்து வருகிறதா இல்லையா என்று யோசிக்க வைக்கிற வேகத்தில் வரும். அவர்கள் அதற்கு முன்பே வீசி முடித்துவிடுவார்கள். ஏழாம் சுற்றில் எங்களுக்கு ஒன்று. எட்டாம் சுற்றில் நான் தட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தபோது என் காதுக்குப் பின்னால் 'டிக்' என்றது.

சுற்றின் இடைவெளியில் அண்ணாச்சியிடம் போனேன். "கழண்டுட்டு," என்றேன்.

"எது?"

"கொக்கி."

அவர் பலகையைப் பார்த்தார். 90 காட்டியது. தொண்ணூற்றெட்டைத் தொட்ட எண் இறங்குவதை நாங்கள் இருவரும் அன்றுதான் முதல்முறை பார்த்தோம். அவர் என் முகமூடியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யார்ட்டயும் சொல்லிராத. மாட்டு," என்றார்.

எட்டுக்கு ஏழு. ஒன்பதாம் சுற்றில் வென்றோம். எங்களில் பலருக்கும் ஒன்பதாம் சுற்று என்றால் என்னவென்று அதுவரை தெரியாது.

ஓசூர் புகார் கொடுத்தது. மூன்றாம் நாள் பொட்டலுக்கு ஒரு இளைஞர் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் கழகத்தின் முத்திரை. உப்புக் காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பெயர் செய்யது தாவூது, காயல்பட்டினத்துக்காரர். கணிப்பான் அலுவலர். அந்த எண்ணை எங்கள் மாடத்தில் காட்டுவது அவர் பொறுப்பு.

"புகார விசாரிக்க வந்தீங்களா தம்பி?" என்று கேட்டார் இசக்கியப்பன் அண்ணன்.

"அது மேலிடம். நான் என் கணக்க விசாரிக்க வந்தேன்." அவர் என் பக்கம் திரும்பினார். "அக்கா, அன்னைக்கு அந்தக் கொக்கி கழண்டிருந்தா நீங்க வச்சிருப்பீங்கல்ல?"

"பின்ன?"

"எல்லாரும் வச்சிருக்காங்க. ஆறு வருஷமா, மணி அடிச்ச ஒவ்வொரு ஆட்டத்துலயும்." கையிலிருந்த திரையைத் திறந்து காட்டினார். "நாங்க தொண்ணூத்தெட்டுன்னு சொல்லுவோம். மணி அடிக்கும். ஆட்டம் முடிஞ்சுரும். உடனே 'கணிப்பு சரி'ன்னு எழுதிக்குவோம். அடுத்த வருஷம் அதையே அதுக்குப் படிக்கக் கொடுப்போம். நாம சொன்னது எப்பவுமே சரியா இருக்கேன்னு அது இன்னும் தைரியமாயிரும். முதல் வருஷம் மணி எட்டாம் சுத்துல அடிச்சுச்சு. இப்ப ஆறு. போன மாசம் கோயம்புத்தூர்ல நாலாம் சுத்துலயே அடிச்சிருக்கு."

"அப்ப அது பொய் சொல்லுதா?" என்றார் அண்ணன்.

"பொய் இல்லண்ணே. அதுக்குத் தெரியாது. தெரியாதுங்கறதும் தெரியாது. மணிக்கு அப்புறம் என்ன நடக்கும்னு அதுக்குக் காட்ட ஆளில்ல."

அண்ணன் பந்தைக் கையில் உருட்டினார். "எங்களுக்கும்தான தெரியாது," என்றார். "ஓசூர்ப் பயலுவளுக்குத் துரத்துனா எப்படி ஓடணும்னே தெரியல. பாதிலயே ஜெயிச்சுப் பழகிட்டானுவ. முடிக்கத் தெரியல."

தாவூது அதைக் குறித்துக்கொண்டதை நான் பார்த்தேன். 'முன்னிலை அணிக்கு முடிக்கும் பழக்கம் இல்லை' என்று எழுதினார்.

"அடுத்த தடவ மணி அடிச்சா, வைக்காதீங்க அக்கா," என்றார். "உங்களுக்காகக் கேக்கல. எனக்கு உண்மையான எண் வேணும்."

"அந்த எண் சரியானதும் எங்களுக்கு எதிராத்தான திரும்பும்?"

"திரும்பலாம்," என்றார் தயங்காமல். அந்தப் பதிலுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

கழகம் ஒரு வாரம் யோசித்து, விதி விதிதான் என்றது. முகமூடி தட்டில் வைக்கப்படும் வரை ஆட்டம் உண்டு. ஆனால் குளிர்காற்று மணியோடு நின்றுவிடும். விரும்புகிறவர்கள் வெயிலில் ஆடலாம். அதன்பிறகு அந்தப் பருவத்தில் எங்களுக்கு ஒன்பது முறை மணி அடித்தது. நான்கில் துரத்திப் பிடித்தோம். ஐந்தில் ஏழாம் சுற்றிலோ எட்டாம் சுற்றிலோ கால்கள் தள்ளாடின; நானே முகமூடியைக் கழற்றி வைத்தேன். பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஊர் அதையும் பொறுத்துக்கொண்டது. வீட்டில் இட்லி ஆறிப்போனது பற்றி மட்டும் புகார் வந்தது.

கடைசி ஆட்டம் எங்கள் மாடத்தில், நாகப்பட்டினத்துடன். மற்ற ஆறு அணிகளும் கரையேறிவிட்டன. பட்டியலின் அடியில் நாங்களும் நாகையும் சமமாக நின்றோம். வெல்கிற அணி அடுத்த ஆண்டும் இருக்கும். தோற்கிற அணி அன்றோடு இல்லை. அதற்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலை நான்கு மணிக்கே மாடத்துக்கு வெளியே நாகைப் பேருந்துகள் நான்கு நின்றன.

நாகையின் பிடிப்பாளர் தையல்நாயகி. என் வயதுதான் இருக்கும். ஆட்டத்துக்கு முன் கைகுலுக்கியபோது, "வெல்டிங் அக்கா," என்றாள்.

"அந்தப் பேரு அங்க வரைக்கும் வந்துட்டா?"

"சீயக்காயும் வந்துருச்சு."

முதல் ஏழு சுற்றுகள் நாங்கள் எதிர்பார்க்காத அளவு நன்றாகப் போயின. ஏழுக்கு ஒன்று என்று முன்னிலையில் இருந்தோம். முந்தைய ஆண்டாக இருந்தால் ஐந்தாம் சுற்றிலேயே மணி அடித்திருக்கும். தாவூது இரண்டு மாதமாகத் திருத்திய கணிப்பான் இப்போது நிதானமாக இருந்தது. ஏழாம் சுற்று முழுதாக முடிந்த பிறகுதான் 98 வந்தது. மணி அடித்தது. காற்று நின்றது.

எங்கள் பெஞ்சில் பாதிப்பேர் எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நானும் எழுந்துவிட்டேன். எதிரே தையல்நாயகி முகமூடியோடு வீட்டுத் தட்டின் அருகே வந்து நின்றாள். மாடம் முழுவதும் அவள் கையைப் பார்த்தது. கை பின்மண்டைக்குப் போனது. கொக்கியை இன்னும் ஒரு துளை இறுக்கிப் போட்டுக்கொண்டு, தன் பெஞ்சைப் பார்த்து மட்டையைக் கேட்டாள்.

"வச்சித் தொலையேன்!" என்று எங்கள் பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் மனதுக்குள் அதையேதான் கத்திக்கொண்டிருந்தேன். அணி பிழைத்துவிட்டது, அண்ணன் பிழைத்துவிட்டார், எனக்கு இன்னொரு பருவம் இருக்கிறது. இவள் ஒரு கையசைவில் அதையெல்லாம் மறுபடி நடுவில் தூக்கிப் போட்டுவிட்டாள்.

பெஞ்சின் ஓரத்து மேசையில் தாவூது உட்கார்ந்திருந்தார். போகிற வழியில் கேட்டேன். "இதுவும் தப்பா?"

"இல்லக்கா. இந்தத் தடவ எண் சரி. நூறு தடவ ஆடினா தொண்ணூத்தெட்டு தடவ நீங்கதான்."

"மீதி ரெண்டு?"

"அது அந்தப் பொண்ணோடது," என்றார்.

பேச்சிராஜ் அண்ணாச்சி இசக்கியப்பன் அண்ணனின் தோளை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாத்திரட்டுமா? இன்னும் ரெண்டு சுத்து."

"யார மாத்துவிய? நம்மகிட்ட யாரு இருக்கா?" அண்ணன் எழுந்து பந்தை எடுத்துக்கொண்டார். "ஓசூர்க்காரனச் சிரிச்சோம்லா. இப்ப நம்ம முடிச்சுக் காட்டணும்."

அதில்தான் தடுமாறினோம். அந்தப் பருவம் முழுக்க நாங்கள் துரத்தப் பழகியிருந்தோம். காக்கப் பழகவில்லை. எட்டாம் சுற்றில் எளிதாகப் பிடிக்க வேண்டிய ஒரு பந்தை எங்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்து விட்டுவிட்டார்கள். நாகைக்கு இரண்டு ஓட்டம். நாகையின் கூட்டம் வெயிலில் எழுந்து நின்றது, உட்காரவே இல்லை. ஒன்பதாம் சுற்றில் அண்ணனின் பந்து தட்டைத் தேடத் தொடங்கியது. ஒருவரை நடக்கவிட்டார், இன்னொருவரையும், மூன்றாமவரையும். பிறகு ஒரு நீண்ட அடி. ஏழுக்கு ஆறு. இரண்டு பேர் அவுட், இன்னொருவர் அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது. மூன்றாம் தளத்தில் ஒரு ஓட்டக்காரர் வீட்டுத் தட்டை நோக்கி ஒரு காலை வைத்தபடி நின்றார். பலகையில் 71. அடிக்க வந்தது தையல்நாயகி.

நான் அவளுக்குப் பின்னால் குந்தினேன். என் கையுறைக்குள் வியர்வை குளம் கட்டியிருந்தது.

"ஒங்க ஊர்ல இது வெயிலா?" என்றாள் திரும்பாமல்.

"இது காலை. வெயில் இனிமேதான்."

முதல் பந்தை விட்டாள், அது சரியான பந்து. ஒரு தவறு அவள் கணக்கில். இரண்டாவதை அடித்தாள், அது கோட்டுக்கு வெளியே நாகைக் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. இரண்டு தவறு. இன்னொன்று தவறினால் அவுட். நான் வேகப்பந்துக்கு விரலைக் காட்டினேன். அண்ணன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மறுபடி காட்டினேன். மறுபடி மறுத்தார். தோளில் வேகம் மிச்சமில்லை என்பது எனக்குத் தெரிந்ததைவிட அவருக்குத் தெரியும். அவர் எங்கள் வாழ்க்கை முழுவதையும் அந்த மெதுபந்தில் வைத்து எறிந்தார். அது வந்துகொண்டே இருந்தது. தையல்நாயகி பொறுத்தாள், பொறுத்தாள், ஒரு கணம் முன்னால் வீசிவிட்டாள். மட்டை காற்றைக் கிழித்த சத்தம் என் முகத்துக்கு நேரே கேட்டது. பிறகு பந்து என் கையுறைக்குள் மெதுவாக வந்து உட்கார்ந்தது.

நடுவர் கையை உயர்த்தி மூன்றாவது அவுட் என்றார். உயர்த்திய கையை இறக்காமல் அப்படியே நின்றார். பலகையில் நூறு வர வேண்டும். அதில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம் இருந்தது, அதனால் 00 என்று காட்டியது. எங்கள் பெஞ்சில் யாரும் கத்தவில்லை. ஆறு ஆண்டுகளாக ஆட்டத்தை முடித்தது ஒரு மணி. அது ஏற்கனவே அடித்துவிட்டது. தட்டில் முகமூடியும் இல்லை, துரத்தியவர்கள் பிடிக்கவும் இல்லை. இனி எதைச் சொல்லி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புவது என்று நடுவருக்குத் தெரியவில்லை.

தையல்நாயகி மட்டையைத் தரையில் ஊன்றி நிமிர்ந்தாள். முகம் சிவந்து, தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவள் அணி இனி இல்லை. கடைசிப் பந்து வரை அது அவள் கையில் இருந்தது.

"தோத்துட்டோம்," என்றாள், முதலில் தனக்கு.

பிறகு தன் பெஞ்சைப் பார்த்து, மாடத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள். "நாங்க தோத்துட்டோம்!"

குரலில் ஒரு பிசிறும் இல்லை. தன் பெயரையும் ஊரையும் சொல்கிறவள் போலச் சொன்னாள். நான் அந்தப் பருவத்தில் பன்னிரண்டு முறை முகமூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு ஐந்து ஆண்டுகளில் எத்தனை முறை என்று நினைவில்லை. அந்தச் சொல்லை ஒருமுறைகூட நான் சொன்னதில்லை. யாரும் சொல்லிக் கேட்டதும் இல்லை. எங்களை முடித்தார்கள், நாங்கள் வீட்டுக்குப் போனோம், அவ்வளவுதான்.

நாகையின் பெஞ்சில் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், நான்கு பேருந்துகளில் வந்த கூட்டம் கைதட்டத் தொடங்கியது. சிறிது நேரம் கழித்து எங்கள் ஊரும் தட்டியது.

அதற்குப் பிறகுதான் நடுவர் கையை இறக்கினார்.